நீலம் வந்த வழி: பரோடாவில் கலை வரலாறு படித்த அனுபவம்

பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு முதுகலை படித்தேன். அதற்கு முன் திருச்சியில் பி.ஏ. வரலாறு. இப்போது கோயில் சுவரோவியங்களை ஆவணப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். இந்தப் படிப்பில் சேரலாமா, சேர்ந்தால் எப்படிப் படிப்பது என்று கேட்டு ஒவ்வொரு கோடையிலும் யாராவது கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எல்லோருடைய முதல் கேள்வியும் "படம் வரையத் தெரியணுமா?" என்பதுதான். தெரிய வேண்டியதில்லை. ஆனால் பென்சிலை எடுக்கக் கூச்சப்படக் கூடாது. ஒரு சிற்பத்தின் ஆடை மடிப்பைக் கோணல்மாணலாகவாவது வரைந்து பாருங்கள். அந்த மடிப்பு தோளில் தொடங்குகிறதா இடுப்பில் தொடங்குகிறதா என்று கவனித்தே ஆக வேண்டியிருக்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நகர்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வரைந்தது அழகாக இருக்க வேண்டாம். எதைப் பார்த்தோம் என்பதற்குச் சாட்சியாக இருந்தால் போதும்.

அடுத்த கேள்வி பாடத்திட்டம். அதைப் பார்த்ததும் மலைப்பு வருவது இயல்பு. மெசபடோமியா, எகிப்து, கிரேக்கம், பைசாந்தியம், இத்தாலிய மறுமலர்ச்சி, சீனம், ஜப்பான், இஸ்லாமிய உலகம், இந்தியா முழுவதும், அப்புறம் நவீன கலை. ஒரே வாரத்தில் இத்தாலியின் ரவென்னா நகரத்து மொசைக் ஓவியங்களையும் சோங் காலத்துச் சீன நிலக்காட்சிகளையும் படிக்க வேண்டியிருக்கும். வரலாறு படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அரசர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக மனப்பாடம் செய்யும் பழக்கம் இருக்கும். அது இங்கே ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஐயாயிரம் ஆண்டுகளை நினைவாற்றலை மட்டும் நம்பிக் கடக்க முடியாது.

எனக்கு இந்தப் படிப்பு பிடிபட்டது வேறு வழியில். முன்னால் இருக்கும் பொருள் எதனால் ஆனது, அந்த மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, செய்தவர் யாருடைய வேலையைப் பார்த்திருக்கக்கூடும் என்று கேட்க ஆரம்பித்தேன். தனித்தனித் தாள்களில் இருந்த பாடங்கள் அதன்பிறகுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதைத்தான்.

பரோடா இதற்குத் தோதான ஊர். சாயாஜிபாக் தோட்டத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மி இருக்கிறது, ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களின் தனிக்கூடம் இருக்கிறது, குஜராத்தின் சமண வெண்கலங்கள் இருக்கின்றன. மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் உலகக் கலையைத் தன் ஊர் மக்கள் பார்க்க வேண்டும் என்று சேர்த்தவை இவை. அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பில் பங்கு கொண்ட ராபர்ட் சிஷோம்தான் சென்னைக் கடற்கரைச் சாலையில் 1870களில் செனட் இல்லத்தைக் கட்டியவர். லட்சுமி விலாஸ் அரண்மனையைத் தொடங்கிய மேஜர் மாண்ட் 1881இல் இறந்தபோது அந்த வேலையை எடுத்து முடித்தவரும் இவரே. சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பரோடாவின் குவிமாடங்களும் வளைவுகளும் அந்நியமாகத் தெரியாது. ஒரு கட்டடக் கலைஞர் வேலை மாறியதால் இரண்டு ஊர்களின் முகம் ஒத்துப்போயிருக்கிறது. நான் கவனித்த முதல் தொடர்பு அது.

அந்த அருங்காட்சியகத்தில் எங்களுக்குக் கொடுத்த தொடக்கப் பயிற்சி இது: ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி எதையும் படிக்காமல், கண்ணால் பார்த்ததை மட்டும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். "அழகான", "அமைதியான", "தெய்விகமான" போன்ற சொற்களுக்கு அனுமதி இல்லை. முகம் அமைதியாக இருக்கிறது என்று தோன்றினால் எது அப்படித் தோன்ற வைக்கிறது என்று எழுத வேண்டும். இமை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, உதட்டின் ஓரம் எப்படி முடிகிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது.

நான் எடுத்துக்கொண்டது அகோட்டா வெண்கலங்களில் ஒன்றை. அகோட்டா இன்று பரோடா நகரத்துக்குள்ளேயே ஒரு பகுதி. அங்கே 1951இல் சமண வெண்கலப் படிமங்களின் பெரிய குவியல் ஒன்று கிடைத்தது. பெரும்பாலும் 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. நான் எடுத்த உருவம் சமண குருவான தீர்த்தங்கரரைப் போலத் தவநிலையில் நேராக நிற்கிறது. ஆனால் தலையில் மகுடம், உடம்பில் நகைகள், இடுப்பில் பூ வேலைப்பாட்டுடன் ஆடை. நிற்கும் விதம் துறவியுடையது, உடுத்தியிருப்பது அரசகுமாரனுடையது. இது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியோடுதான் என் இரண்டு பக்கமும் முடிந்தன. பிறகுதான் நூலகத்துக்குப் போக விட்டார்கள். அந்த உருவத்துக்கு ஜீவந்தசுவாமி என்று பெயர். துறவு பூணும் முன், இளவரசராக இருந்தபோதே தியானத்தில் நின்ற மகாவீரர். பெயர்ப்பலகையை முதலில் படித்திருந்தால் எனக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. சேர்ந்ததும் இந்தப் பயிற்சியை நீங்களாகவே தொடர்ந்து செய்யுங்கள். கேள்வியைக் கண் எழுப்ப வேண்டும், பதிலைத் தேடித்தான் புத்தகத்துக்குப் போக வேண்டும்.

வகுப்பில் பாதி நேரம் ஒப்பிடுவதிலேயே போகும். திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு விவாதிப்பது இந்தத் துறையின் பழைய பழக்கம். சுவிட்சர்லாந்துக் கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் தன் விரிவுரைகளில் இதை ஒரு முறையாகவே வளர்த்தார். ஒரே ஊரின் இரண்டு காலத்தை ஒப்பிட இது அருமையான கருவி. வெவ்வேறு பண்பாடுகளுக்கு இடையே போகும்போது கவனம் தேவை. இரண்டு படம் ஒத்துப்போனால் "இது அதிலிருந்து வந்தது" என்று உடனே எழுதத் தோன்றும்.

புத்தர் உருவத்தைப் பற்றிய விவாதம் இதற்கு நல்ல பாடம். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் இருந்த காந்தாரத்தின் சாம்பல் நிறக் கல்லில் செய்த புத்தர்களைப் பாருங்கள். அலையலையான தலைமுடி, கனமான மேலாடை மடிப்புகள். கிரேக்க, ரோமானியச் சிற்பம் உடனே நினைவுக்கு வரும். புத்தருக்கு முதன்முதலில் உருவம் கொடுத்ததே அந்தக் கிரேக்கச் செல்வாக்குதான் என்றார் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் ஃபூஷே. அதை மறுத்து 1927இல் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைத் தமிழரான முத்துக்குமாரசுவாமியின் மகன், அப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியில் இருந்தார். மதுராவின் சிவப்பு மணற்கல் புத்தர்களை அவர் எடுத்துக்காட்டினார். அவற்றின் அகன்ற தோளும் உறுதியாக ஊன்றிய காலும் அதற்கு முந்தைய யட்சர் என்ற காவல் தெய்வங்களின் சிலைகளிலேயே இருக்கின்றன என்றார்.

இருவருக்கும் முன்னால் இருந்தவை ஏறக்குறைய ஒரே சான்றுகள்தான். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் முடிவு மாறியது. இதைப் படித்தபிறகு, ஒப்பீட்டுக் கட்டுரை எழுதும்போதெல்லாம் மூன்றாவது படம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது என் வழக்கமாயிற்று. காந்தார புத்தரையும் கிரேக்கக் கடவுள் அப்போலோவையும் மட்டும் வைத்தால் ஒரு கதைதான் வரும். நடுவே ஒரு மதுரா யட்சரை வைத்தால் கேள்வியே மாறிவிடும்.

ஒப்புமையை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு இஃபே நகரம் சாட்சி. தென்மேற்கு நைஜீரியாவில் உள்ள அந்த ஊருக்கு ஜெர்மானிய ஆய்வாளர் லியோ ஃப்ரோபேனியஸ் 1910இல் போனார். அங்கு கண்ட தலைச் சிற்பங்களின் இயல்புத்தன்மையைப் பார்த்துவிட்டு, இவை ஆப்பிரிக்கர்கள் செய்தவையாக இருக்க முடியாது, தொலைந்துபோன அட்லாண்டிஸின் மிச்சம் என்றார். 1938இல் அதே ஊரில் ஒரு வீடு கட்டத் தோண்டியபோது உலோகத் தலைகள் பல ஒன்றாகக் கிடைத்தன. யொரூபா மக்களின் முன்னோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கேயே வார்த்தவை அவை. ஒரு மக்களின் கைவேலையை அவர்களிடமிருந்தே பறித்து வேறொருவருக்குக் கொடுக்க ஒரு மேம்போக்கான ஒப்பீடு போதுமாக இருந்திருக்கிறது. இந்தத் துறையில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உண்டு என்று எனக்கு உறைத்தது இதைப் படித்த அன்றைக்குத்தான்.

சரி, ஒப்பீடு இவ்வளவு வழுக்கும் என்றால் எதைப் பிடித்துக்கொள்வது? மூலப்பொருளை. நான் பிடித்துக்கொண்டது ஒரு நீலக் கல்லை.

லாபிஸ் லாசுலி என்ற அந்தக் கல், பழங்காலத்தில் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில் பதக்ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்துதான் வெளியே போனது. அங்கிருந்து புறப்பட்டால் பாடத்திட்டத்தில் பாதி ஊர்களுக்குப் போய்விடலாம். துட்டன்காமுனின் பொன்முகமூடியில் புருவமும் கண்ணைச் சுற்றிய கோடும் இந்தக் கல்தான். கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது நைல் நதிக்கரை வரை போயிருக்கிறது. 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியங்களில் பழுப்புக்கும் காவிக்கும் நடுவே பளிச்சென்று தெரியும் நீலம் அதே கல்லை அரைத்தது. மற்ற வண்ணங்களுக்கு உள்ளூர் மண்ணும் கல்லும் போதும், நீலத்துக்கு மட்டும் வணிகப் பாதை வேண்டும். அஜந்தாக் குகைகள் இருப்பதே அப்படிப்பட்ட வணிகப் பாதைகளுக்குப் பக்கத்தில்தான்.

இத்தாலியில் இந்த நீலம் பொன்னைப் போல மதிக்கப்பட்டது. 1485இல் புளோரன்ஸில் ஓவியர் கிர்லாந்தாயோவோடு போட்ட ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 4 ஃபுளோரின் பொற்காசு மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கன்னி மரியாளின் மேலாடை அவ்வளவு ஆழ்ந்த நீலமாக இருப்பதற்குப் பின்னால் பக்தியும் இருக்கிறது, பணம் கொடுத்தவரின் பெருமிதமும் இருக்கிறது. 1520களில் டிஷியன் வரைந்த பாக்கஸ் ஓவியத்தின் வானம், 17ஆம் நூற்றாண்டில் வெர்மீர் வரைந்த முத்துத்தோட்டுப் பெண்ணின் தலைத்துணி, இரண்டும் அதே நீலம்.

1820களின் கடைசியில் பிரான்ஸில் இதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழி கண்டுபிடித்ததும் விலை சரிந்தது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெர்லினில் இன்னொரு செயற்கை நீலம் பிறந்திருந்தது, பிரஷ்ய நீலம். வணிகக் கப்பல்களில் ஜப்பானுக்குப் போய், 1830 வாக்கில் அங்கே மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலை அச்சு அந்தச் சமயத்தில் வந்தது, அந்த நீலத்தில். ஜப்பானிய அச்சுப் படங்கள் பிறகு பாரிஸுக்கு வந்து சேர்ந்தன. 1887இல் ஹிரோஷிகேயின் இரண்டு அச்சுகளைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார் வான்கோ. ஐரோப்பாவில் பிறந்த ஒரு நிறம் ஜப்பானிய அச்சில் ஏறி ஐரோப்பாவுக்கே திரும்பி வந்து அங்கே ஓவியத்தை மாற்றியிருக்கிறது. எகிப்து, அஜந்தா, புளோரன்ஸ், எடோ (இன்றைய டோக்கியோ) என்று நான்கு தாளில் படித்ததை இந்த நீலத்தின் வழியாக ஒரே மூச்சில் சொல்லிவிட முடிந்தது.

உங்களுக்கு நீலம்தான் வேண்டும் என்றில்லை. எங்களோடு படித்த ஒரு மலையாளி அக்கா காகிதத்தைப் பிடித்துக்கொண்டார், சீனாவிலிருந்து சாமர்கந்து, பாக்தாத் வழியாக. துணி, பீங்கான், தந்தம் எதுவும் ஆகும். முதல் பருவத்திலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பாடம் வந்தாலும் அந்தப் பொருள் அங்கே இருக்கிறதா என்று பார்த்து ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் காலத்தில் அந்தக் குறிப்பேடு கைகொடுக்கும்.

படங்களே படங்களைப் பார்த்த கதைகளையும் சேகரிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது முகலாயக் கதை. 1580இல் ஏசு சபைப் பாதிரியார்கள் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்து, ஆண்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை அக்பருக்குக் கொடுத்தார்கள். அதிலும் பின்னால் வந்த செதுக்கு அச்சுகளிலும் இருந்த ஐரோப்பியப் படங்களை அரண்மனை ஓவியர்கள் கவனமாகப் பார்த்து வரைந்தார்கள். 1600ஆம் ஆண்டு, பதின்மூன்று வயது அபுல் ஹசன், ஜெர்மானியக் கலைஞர் ட்யூரர் 1511இல் செதுக்கிய சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானின் உருவத்தை மட்டும் தனியே எடுத்து வரைந்திருக்கிறான். அந்தப் படம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பையன்தான் பின்னால் ஜஹாங்கீரின் பெரிய ஓவியன்.

அடுத்து, ஏறக்குறைய 1656க்கும் 1661க்கும் இடையே ஆம்ஸ்டர்டாமில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைகிறார். இருபதுக்கு மேற்பட்ட வரைபடங்கள் இன்றும் இருக்கின்றன. ஷாஜஹான் உட்பட. தன் வழக்கமான தாளை விட்டு, கிழக்கிலிருந்து கப்பலில் வந்த வழுவழுப்பான ஆசியத் தாளில், மெல்லிய கோடுகளில் வரைந்திருக்கிறார். அவருடைய மற்ற வரைபடங்களைப் பார்த்துவிட்டு இவற்றைப் பார்த்தால் கை எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்திராத கலைஞர்கள் இப்படி ஒருவரிடம் ஒருவர் கற்றிருக்கிறார்கள். "தாக்கம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள் என்று எங்கள் பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார். யார் எதை எடுத்தார், எதை விட்டார், எடுத்ததை என்ன செய்தார் என்று எழுதினால்தான் அவர் மதிப்பெண் போடுவார்.

காலப் பெயர்களுக்கு வருகிறேன். மறுமலர்ச்சி, பரோக் போன்றவை ஐரோப்பாவுக்கு அமைந்தவை. நம் கலையை அரச மரபின் பெயரால் பல்லவர், சோழர் என்று பிரிக்கிறோம். அரசன் தோற்ற அன்றே சிற்பி உளியை மாற்றுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எனக்கு உதவிய வழி எளிது. விடுதி அறைச் சுவரில் நீளமான தாள் ஒட்டி, மேலே நூற்றாண்டுகள், பக்கவாட்டில் ஊர்கள் என்று கட்டம் போட்டுக்கொண்டேன். 11ஆம் நூற்றாண்டின் கட்டத்தை மட்டும் பாருங்கள். தஞ்சையில் 1010இல் ராஜராஜேச்சரம் என்ற பெரிய கோயில். சில பத்தாண்டுகளில் கஜுராஹோவில் கந்தாரிய மகாதேவர் கோயில். ஏறத்தாழ அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவில் ஃபான் குவான் என்ற ஓவியர் மனிதர்களைப் புள்ளியாக்கி மலையைப் பேருருவாக எழுப்பிய பட்டு ஓவியம். 1053இல் கியோத்தோவுக்குப் பக்கத்தில் பியோதோ-இன் கோயிலின் பீனிக்ஸ் மண்டபம். ஜெர்மனியில் ஸ்பெயர் பேராலயம் எழுந்துகொண்டிருக்கிறது. இவற்றுள் எதுவும் எதற்கும் "முந்தைய கட்டம்" கிடையாது. ஐரோப்பாவைத் தொடக்கம், உச்சம், சரிவு என்று எழுதிய பழைய புத்தகங்களின் பிடியிலிருந்து வெளியே வர அந்தச் சுவர்த்தாள் எந்தக் கோட்பாட்டு வகுப்பையும்விட எனக்கு அதிகம் உதவியது.

கோட்பாட்டைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உருவப்பொருளை அடையாளம் காண ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி வகுத்த படிநிலைகள் இன்றும் பயன்படுகின்றன. முதலில் கண்ணுக்குத் தெரிவது, பிறகு அது குறிக்கும் கதை, பிறகு அந்தக் காலம் அதில் வைத்த பொருள். அதை நம் ஊர்ப் படைப்பில் போட்டுப் பார்த்துவிடுங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

பரோடாவில் கெயிக்வாட் அரச குடும்ப நினைவிடமான கீர்த்தி மந்திரில் வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1939இல் தொடங்கி வரைந்த சுவரோவியங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று கங்கை பூமிக்கு இறங்குவது. நடுவில் சிவன், ஐயத்துக்கு இடமில்லாத காட்சி. அதைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தைத் துணைக்கு எடுத்தேன். சின்ன வயதிலிருந்து அதை அர்ச்சுனன் தபசு என்றுதான் கேட்டிருக்கிறேன். 1914இல் விக்டர் கொலூபெவ் என்ற ஆய்வாளர் அது கங்கை இறங்கும் காட்சி என்றார். பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் மேல்நோக்கி வருகிறார்கள். உச்சியில் நீர் தேக்கி வைக்க ஏற்பாடு இருந்ததற்கான அடையாளம் உண்டு. ஒற்றைக்காலில் தவம் செய்பவர் பகீரதனாகவும் இருக்கலாம். மறுபக்கம், வரம் தரும் சிவனும் வேட்டைக்காரர்களும் காடும் அர்ச்சுனன் கதைக்கு நன்றாகவே பொருந்துகிறார்கள். இரண்டையும் வேண்டுமென்றே சேர்த்து அமைத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு.

என் கட்டுரையில் ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, ஒவ்வொரு உருவமும் எந்தக் கதைக்குச் சாட்சி சொல்கிறது என்று எழுதினேன். சில உருவங்கள் இரண்டு பக்கமும் வந்தன. அப்படியே விட்டுவிட்டேன். தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற அவசரம் பட்டப்படிப்புத் தேர்வுகளிலிருந்து நம்மோடு ஒட்டிக்கொண்டு வருவது. இங்கே சான்றுகளை நேர்மையாக அடுக்கிக் காட்டுவதே பாதி வேலை.

தமிழ் மாணவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வடக்கே உள்ள பல துறைகளில் இது போதுமான அளவு பேசப்படுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அங்கே கொடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளை ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. உயரம் எத்தனை விரல், கைகள் எத்தனை, உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாக வார்த்ததா, யார் கொடுத்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அருங்காட்சியகப் பட்டியல் அது, கல்லில். இதை மூலத்திலேயே படிக்க முடிகிறவர்கள் உலகக் கலை வரலாற்று வகுப்புகளில் குறைவு. கல்வெட்டுத் தமிழைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் ஆய்வுத் தலைப்பைப் பொறுத்துச் சமஸ்கிருதமோ பாரசீகமோ பிரெஞ்சோ ஜெர்மனோ ஒன்று தேவைப்படும். அதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் முதல் மாதத்திலேயே தொடங்குவது நல்லது.

கனமாக வார்ப்பது என்றதும் இன்னொன்று. சுவாமிமலைப் பட்டறைகளில் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நைஜீரியாவின் பெனின் நகரக் கலைஞர்களும் மெழுகுமுறையில்தான் வார்த்தார்கள். அவர்களுடைய தலைச் சிற்பங்கள் உள்ளே மண் கரு வைத்து வார்த்தவை, அதனால் உள்ளே வெற்றிடம் இருக்கும். போர்ச்சுக்கீசிய வணிகர்கள் கொண்டுவந்த பித்தளை வளையங்களையும் உருக்கிப் பயன்படுத்தினார்கள். முடிந்தால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு பட்டறையில் ஒரு வார்ப்பை முழுவதுமாகப் பார்த்துவிடுங்கள். வகுப்பில் பெனின் வரும்போது, மற்றவர்களுக்குப் புத்தகப் படமாக இருப்பது உங்களுக்கு வெப்பமும் புகையுமாக நினைவுக்கு வரும்.

பெனின் என்றால் 1897ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த ஆண்டு பிரிட்டிஷ் படை அரண்மனையைச் சூறையாடி ஆயிரக்கணக்கான படைப்புகளை அள்ளிப்போனது. அவை ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குச் சிதறின. 2022இல் ஜெர்மனி தன் அருங்காட்சியகங்களில் இருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றித்தர உடன்பட்டது. நமக்கு மிக அருகில் நடந்தது ஸ்ரீபுரந்தான் கதை. அரியலூர் மாவட்டத்து அந்தக் கிராமக் கோயிலிலிருந்து களவுபோன நடராஜரை, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அதே சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த புகைப்படம் இருந்தது. அந்தப் படம் முக்கியச் சான்றாக, 2014இல் சிலை திரும்பி வந்தது. நான் ஆவணப்படுத்தும் வேலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தச் செய்தி ஒரு காரணம். எப்போதோ யாரோ பொறுமையாக எடுத்து எண் போட்டு வைத்த ஒரு படம், களவுபோன ஒரு சாமியை நாட்டுக்கு மீட்டுத் தந்திருக்கிறது.

அதனால் அருங்காட்சியகப் பலகையில் பெயரையும் நூற்றாண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். பதிவெண், எந்த ஆண்டு எப்படிச் சேர்ந்தது, நன்கொடையா விலைக்கு வாங்கியதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். பலகையில் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். அந்த வெற்றிடமும் ஒரு தகவல்.

படங்களுக்குச் செலவு செய்ய வேண்டிய காலம் போய்விட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் மூன்றே முக்கால் லட்சம் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்திலும் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தியக் கோயில்களுக்கு அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் குருகிராம் புகைப்படக் காப்பகம் இருக்கிறது. நம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் இல்லை என்பதால் எகிப்தைப் படிக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: திரையில் எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். உள்ளங்கையளவு சிற்றோவியமும் மாமல்லபுரப் பாறையும் ஒரே சதுரத்துக்குள் வரும். அளவைக் குறித்துக்கொண்டு, அறைத் தரையில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

வேலையைப் பற்றி அப்பா தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார், "ஏம்மா, இதைப் படிச்சா எங்க வேலைக்கு எடுப்பாங்க?" நியாயமான கேள்வி. அருங்காட்சியகங்கள், தனியார் கலைக்கூடங்கள், ஏல நிறுவனங்கள், காப்பகங்கள், பதிப்பகங்கள், கண்காட்சி அமைப்பு, ஆசிரியப் பணி ஆகியவை உண்டு. கல்லூரியில் கற்பிக்க நெட் தேர்வில் காட்சிக்கலைப் பாடத்தின் கீழ் கலை வரலாறு வருகிறது. தொடக்கத்தில் சம்பளம் குறைவு, பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான் கிடைக்கும். வீட்டில் உடனடியாகப் பணம் தேவைப்படும் நிலை இருந்தால் இதை மறைக்காமல் பேசிவிட்டுச் சேருங்கள். படிக்கும்போதே பட்டியல் தயாரிப்பது, படங்களுக்கு விவரக்குறிப்பு எழுதுவது, மொழிபெயர்ப்பது போன்ற சிறு வேலைகளைச் செய்து வைத்திருப்பவர்களுக்கு முதல் வேலை சீக்கிரம் கிடைக்கிறது. என்னோடு படித்தவர்களில் நான் பார்த்தது இது.

இந்த ஆண்டு சேரப் போகிறவர்கள் சென்னையிலோ பக்கத்திலோ இருந்தால், வகுப்பு தொடங்குவதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ஆந்திரத்தின் அந்தப் பௌத்தத் தூபியை வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845இல் தோண்டி எடுத்தார். கற்களில் ஒரு பங்கு 1859இல் லண்டனுக்குப் போனது, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு பங்கு நம்மிடம். ஒரு சிற்பப் பலகையைத் தேர்ந்தெடுத்துப் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் இரண்டு பக்கம் எழுதுங்கள். பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, அதே தூபியின் வேறொரு பலகையை எடுத்து, அதன் பதிவில் என்ன எழுதியிருக்கிறார்கள், எதை எழுதவில்லை என்று பாருங்கள். பென்சில், அளவுநாடா, ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள்.